கைப்பையில் எது, பெட்டியில் எது? விமானப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், வளைகுடாவுக்குத் திரும்புவோர், உம்ராவுக்குக் கிளம்புவோர் எனப் பலரும் ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எண்ணெய், பற்பசை, மருந்து, பலகாரம் இவற்றில் எதைக் கையோடு எடுத்துப் போகலாம், எதைப் பெட்டியில் போட வேண்டும் என்பதே கேள்வி. எனவே இந்த இதழின் பதில்கள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனோம். தூத்துக்குடியில் தண்ணீர் பாட்டிலையும் 200 மில்லி தேங்காய் எண்ணெயையும் ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். சென்னையில் இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஊருக்கு ஊர் சட்டம் மாறுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

தூத்துக்குடியில் விட்டதும் சரி, சென்னையில் எடுத்ததும் சரி அம்மா. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குப் போவது உள்நாட்டுப் பயணம். அங்கே குடிதண்ணீர் பாட்டிலை ஸ்கேனரில் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். சென்னையில் பன்னாட்டுப் பகுதிக்குள் நுழைந்ததும் மறுபடியும் ஒரு சோதனை உண்டு. அங்கே நடப்பது 100 மில்லி விதி.

2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் விமானங்களைக் குளிர்பானப் பாட்டிலில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்டது. முதலில் திரவமே கூடாது என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பா 100 மில்லி என்ற அளவை வகுத்தது. பிறகு மற்ற நாடுகளும் அதையே எடுத்துக்கொண்டன.

விதி இதுதான். ஒவ்வொரு பாட்டிலும் அல்லது டியூபும் 100 மில்லிக்கு மேல் கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு லிட்டர் கொள்ளும், திரும்பத் திரும்ப மூடித் திறக்கக்கூடிய, உள்ளே இருப்பது தெரிகிற ஜிப் கவர் ஒன்றில் போட வேண்டும். கவரின் அளவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்கு 20. ஆளுக்கு ஒரு கவர்தான். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பலரும் தவறுவது ஓர் இடத்தில். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை, பாட்டில் எவ்வளவு கொள்ளும் என்றுதான் பார்க்கிறார்கள். 200 மில்லி பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் கிடந்தாலும் அது 200 மில்லி பாட்டில்தான். அளவு அச்சிடாத பாட்டிலாக இருந்தால் சோதிப்பவர் கண்மதிப்பில் முடிவு செய்வார். அதனால் 100 மில்லி என்று அடியிலோ பக்கத்திலோ பொறித்த காலிப் பாட்டில்களையே வாங்குங்கள்.

ஒரு லிட்டர் கவரில் பத்து பாட்டில் போகும் என்பது காகிதக் கணக்கு. உருளைப் பாட்டில்களுக்கு நடுவே இடம் வீணாகும், ஜிப்பும் இழுத்துப் பிடிக்காமல் மூட வேண்டும். ஆறு, மிஞ்சினால் ஏழுதான் போகும். எல்லாவற்றையும் 100 மில்லியில் அடைக்காதீர்கள். பத்து நாளுக்கு முகத்துக்குப் பூசும் க்ரீம் 20 மில்லி போதும்.

நீங்கள் போன வழியில் இன்னொரு கண்ணி உண்டு. சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது, அங்குள்ள சாங்கி விமான நிலையத்தின் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலில்தான் நடக்கும். குடியேற்றம் தாண்டி உள்ளே கடையில் வாங்கிய தண்ணீரும் அந்த வாசலில் போய்விடும். காலிப் பாட்டிலோடு உள்ளே போங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் விமானத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே வீட்டில் பை கட்டும்போது முதல் வாசலை மனதில் வைத்துக் கட்டக் கூடாது. போக வர உள்ள வழியில் எந்த வாசல் மிகக் கடுமையானதோ அதற்குக் கட்டுங்கள். கீழே வரும் பதில்கள் பலவும் இதை ஒட்டியவைதான்.

திரவம் என்றால் தண்ணீர், எண்ணெய் என்று புரிகிறது. பற்பசை, கண்மை, தைலம், லேகியம் எல்லாம் திரவத்தில் சேருமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

சேரும். சாய்த்தால் ஓடுவது, தடவினால் பரவுவது, அமுக்கினால் பிதுங்குவது, அழுத்தினால் பீய்ச்சுவது, இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது கவருக்குள் போக வேண்டிய பொருள். ஷாம்பு, ஃபேஸ் வாஷ், பற்பசை, ஷேவிங் க்ரீம், ஹேர் ஜெல், டப்பாவில் வரும் தலைவலித் தைலம், குழைவான கண்மை, மஸ்காரா, நெயில் பாலிஷ், சென்ட், தேன், ஜாம், தயிர், ஊறுகாய், லேகியம் எல்லாம் இதில் அடக்கம். குச்சியாக வரும் லிப்ஸ்டிக், கட்டிச் சோப்பு, திருநீறு, குங்குமம் ஆகியவை அடங்கா. அரைத்த சந்தனம் அடங்கும், சந்தனக் கட்டை அடங்காது.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். மார்கழிக் குளிரில் கட்டியாகத்தானே இருக்கிறது என்று வாதாட வேண்டாம். அது எண்ணெய்தான்.

பற்பசை டியூபில் பெரும்பாலும் கிராம் கணக்குப் போட்டிருக்கும். 100 கிராம் வரை கவலையில்லை. பற்பசை தண்ணீரைவிடக் கனமானது, ஆகவே 100 கிராம் டியூபின் கொள்ளளவு 100 மில்லிக்குக் குறைவாகவே வரும். 150, 200 கிராம் குடும்ப டியூபைப் பெட்டியில் போடுங்கள்.

கவரில் இடம் போதவில்லை என்றால் திரவமல்லாததற்கு மாறிக்கொள்வது நல்ல வழி. ஷாம்புக்குப் பதில் சீயக்காய்ப் பொடி, ஃபேஸ் வாஷுக்குப் பதில் நலுங்கு மாவு, பற்பசைக்குப் பதில் பல்பொடி, ஆஃப்டர் ஷேவுக்குப் பதில் ஒரு துண்டு படிகாரம். நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பொருள்கள்தான் இவை. சிறு டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாத பொடி எதுவானாலும் கேள்விக்கு உள்ளாகும்.

அல்வாவைக் கையில் கொண்டுபோகலாமா? ஒரு தடவை எக்ஸ்ரேயில் பையை நிறுத்தி எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள்.
– வாசகர், திருநெல்வேலி டவுன்

உள்நாட்டு விமானத்தில் கொண்டுபோகலாம். நிறுத்தியதற்குக் காரணம் அல்வாவின் அடர்த்தி. எக்ஸ்ரே எந்திரம் பொருளின் பெயரை அறியாது. அது எவ்வளவு அடர்த்தி, உயிர்ப்பொருளா உலோகமா என்பதை மட்டும் நிறமாகக் காட்டும். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் இறுகி ஒரு கிலோவாக நிற்கும்போது, திரையில் அது ஆரஞ்சு நிறக் கட்டியாகத் தெரியும். சில வெடிபொருள்களும் அப்படித்தான் தெரியும். அதனால் திறந்து பார்க்கிறார்கள்.

இதற்கு மூன்று காரியம் செய்யலாம். ஒரு கிலோவை ஒரே பொட்டலமாகக் கட்டாமல் கால் கிலோ பெட்டிகளாக வாங்குங்கள். பையின் அடியில் புதைக்காமல் மேலே வையுங்கள். ஸ்கேனரில் விடும்போது தனித் தட்டில் எடுத்து வைத்துவிட்டால் பை நிற்காது. கடையின் பெயர் அச்சிட்ட மூடிய பெட்டியாக இருந்தால் கேள்வியும் குறையும்.

பன்னாட்டுப் பயணமென்றால் அல்வா பெட்டிக்குள் போகட்டும். நெய் மிதக்கும் இளம் அல்வாவை ‘தடவினால் பரவுவது’ என்று ஓர் அதிகாரி முடிவு செய்தால் உங்களால் மறுக்க முடியாது. கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் மஸ்கோத் அல்வாவைவிட, துண்டு போட்டால் நிற்கிற உலர்ந்த பலகாரம் உத்தமம். மனோகரம், தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டி கடலை மிட்டாய், கருப்பட்டி எல்லாம் கெட்டிப் பொருள்கள், தடையில்லை. மக்ரூனை மட்டும் டின்னில் அடையுங்கள், அமுங்கினால் தூளாகிவிடும்.

பெட்டியில் போடும்போது அல்வாவிலிருந்து நெய் கசியும். 35 டிகிரிக்குள்ளாகவே நெய் உருகிவிடும், சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் மதுரை வரை போனாலே போதும். பட்டர் பேப்பர், அதன் மேல் ஜிப் கவர், அதன் மேல் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா என்று மூன்று அடுக்கு கட்டுங்கள். சூட்டோடு வாங்கி உடனே கவரில் மூடினால் உள்ளே நீர் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முழுதும் ஆறவிட்ட பிறகே மூடுங்கள்.

பெட்டியில் வைத்த நல்லெண்ணெய் ஒவ்வொரு முறையும் ஒழுகித் துணியெல்லாம் பாழாகிறது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இப்படித்தான். ஏன்?
– வாசகி, திசையன்விளை

மூடி தளர்ந்திருப்பது பாதிக் காரணம். மீதிப் பாதி பாட்டிலுக்குள் இருக்கும் காற்று.

விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. எட்டாயிரம் அடி என்றால் தரைமட்ட அழுத்தத்தில் முக்கால் பங்குதான். பெட்டிகள் போகும் கீழறையிலும் ஏறத்தாழ இதே அழுத்தம்தான். அழுத்தம் முக்காலாகக் குறைந்தால் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லி பாட்டிலில் பாதி எண்ணெய், பாதி காற்று. அந்த 50 மில்லி காற்று சுமார் 66 மில்லியாக விரியப் பார்க்கும். பாட்டில் படுத்தோ தலைகீழாகவோ கிடந்தால், 16 மில்லி எண்ணெயை வாய்வழியே தள்ளும். அதே பாட்டிலில் 90 மில்லி எண்ணெய் இருந்தால் காற்று 10 மில்லிதான், விரிவது மூன்று மில்லி. அதைப் பாட்டிலின் சுவரே கொஞ்சம் உப்பித் தாங்கிக்கொள்ளும். பாதி தீர்ந்த பாட்டில்தான் அதிகம் ஒழுகும் என்பதற்குக் காரணம் இதுவே.

செய்ய வேண்டியது:

கழுத்து வரை நிரப்புங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலானால் பக்கங்களை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடுங்கள். விரிய இடம் கிடைக்கும்.

மூடும் முன் வாயையும் மரையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மரையில் எண்ணெய் இருந்தால் அதன் வழியே மெல்ல ஏறி வெளியே வரும், டேப்பும் ஒட்டாது. வாய் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டாக மடித்துப் போட்டு, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். பிறகு மின்வேலைக்குப் பயன்படும் இன்சுலேஷன் டேப்பை மூடி இறுகும் திசையிலேயே இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் டேப்பே மூடியைத் தளர்த்தும். சாதாரண செலோடேப் எண்ணெய் பட்டதும் விட்டுவிடும்.

பம்பு வைத்த பாட்டிலைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையில் ஓர் அழுத்தம் பட்டாலே பீய்ச்சும். குடிதண்ணீர் வந்த மெல்லிய பாட்டிலில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம், எண்ணெயைப் பிடிக்கும் வாஷர் அந்த மூடியில் கிடையாது. பாக்கெட் எண்ணெயின் ஓரத்து ஒட்டு, மேலே கனம் விழுந்தால் பிரியும். கடையில் வாங்கியபடி, மூடிக்கு அடியில் அலுமினியத் தகடு ஒட்டியிருக்கும் புதுப் பாட்டிலைத் திறக்காமல் கொண்டுபோவதே எல்லாவற்றிலும் பத்திரம்.

கட்டிய பாட்டிலை முதல் நாள் இரவே பழைய தாள் மேல் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். காலையில் தாளில் எண்ணெய்த் தடம் இல்லையென்றால் ஜிப் கவரில் போட்டு, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையில் வையுங்கள். பெட்டியின் ஓரம் வேண்டாம், தூக்கிப் போடும்போது அடிபடும் இடம் அதுதான். எண்ணெய், நெய் அளவில் சில விமான நிறுவனங்கள் தனி வரம்பு வைத்திருக்கின்றன. ஐந்து லிட்டர், பத்து லிட்டர் என்று கொண்டுபோவதாயிருந்தால் டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

அத்தான் ரியாத்தில் இருக்கிறார். மூட்டுவலித் தைலம், அரிஷ்டம், இருமல் மருந்து, மசாலா எல்லாம் கொடுத்தனுப்பச் சொல்கிறார். ஏதும் சிக்கல் வருமா?
– வாசகி, கடையநல்லூர்

நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அவசரப்பட்டு ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள்.

தைலம் பெட்டியில் போகலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு வைத்தியரிடமோ வாங்கியதானால், மருந்தின் பெயர், நோயாளியின் பெயர், தேதி எழுதிய சீட்டை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள். பெயர் ஒட்டாத பாட்டிலில் பழுப்பு நிறத் திரவம் இருந்தால் எந்த நாட்டுச் சுங்கத்திலும் சந்தேகம் வரும்.

அரிஷ்டம் வேண்டாம். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்பவை, தாமாகவே உண்டான ஆல்கஹால் அவற்றில் இருக்கிறது, லேபிளிலும் அப்படியே அச்சிட்டிருக்கும். மது தடைசெய்யப்பட்ட நாட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. அதே மருந்துக்குச் சூரண வடிவம் உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இருமல் மருந்தின் லேபிளைப் படியுங்கள். கோடீன் என்று இருந்தால் எடுக்கவே வேண்டாம். வளைகுடா நாடுகளில் அது கட்டுப்பாட்டுக்குரிய மருந்து. டிரமடால் கலந்த வலி மாத்திரைகளும் அப்படித்தான். டாக்டர் எழுதியதாக இருந்தாலும், அந்நாட்டின் முன் அனுமதி பெற்ற பிறகே கொண்டுபோக வேண்டிய மருந்துகள் இவை.

மசாலாவில் கசகசா இருக்கக் கூடாது. நம் ஊரில் குருமாவுக்கு அரைக்கிற சாதாரணச் சாமான். அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் வரும், சிறையில் கொண்டுபோய் விடக்கூடிய பொருள். வீட்டில் அரைத்த பிரியாணி மசாலாவில் சேர்த்திருந்தாலும் சேர்த்ததுதான். சிங்கப்பூருக்கும் இதே தடை. மிளகாய்ப் பொடி, மிளகாய் ஊறுகாய் இரண்டும் கைப்பையில் வேண்டாம், பெட்டியில் போடுங்கள். இன்னொருவர் கையில் கொடுத்தனுப்புவதானால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் முன்னால் பிரித்துக் காட்டி, எழுதிக் கொடுங்கள். சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

உம்ரா முடித்துத் திரும்பும்போது ஜம்ஜம் தண்ணீரைப் பெட்டிக்குள் வைக்கலாமா? அத்தர் பாட்டில்கள் கையில் வரலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

ஜம்ஜமைச் சூட்கேசுக்குள் வைக்கக் கூடாது என்பது சவூதி விமான நிலையங்களின் கண்டிப்பான விதி. வைத்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், பெட்டியும் தாமதமாக வரும். ஐந்து லிட்டர் கேனை அட்டைப் பெட்டியில் சீல் வைத்து அங்கேயே விற்கிறார்கள். அதைத் தனி உருப்படியாகக் கவுண்டரில் கொடுங்கள். உங்கள் விமான நிறுவனம் அதை ஏற்குமா, எடைக்குள் சேர்க்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

அத்தர் 3, 6, 12 மில்லிக் குப்பிகளில் வருவதால் கைப்பைக் கவருக்கு ஏற்றது. குப்பிகளை ஒன்றோடொன்று உரசாமல் பஞ்சில் சுற்றுங்கள். கண்ணாடி மூடியைச் செருகும் வகை வேண்டாம், திருகு மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.

பாபநாசத்தில் எடுத்த தாமிரபரணித் தீர்த்தத்தைச் செப்புச் செம்பில் அடைத்து அமெரிக்கா கொண்டுபோக வேண்டும். கையில் எடுக்கலாமா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

சீல் வைத்த செம்பு 100 மில்லிக்கு உட்பட்டதானால் கவரில் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் உலோகச் செம்புக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேனரில் சரியாகத் தெரியாது, உடைத்துக் காட்டச் சொல்லலாம். 50 மில்லி கொள்ளும் ஒளிபுகும் பாட்டிலில் தீர்த்தத்தையும், பெட்டியில் காலிச் செம்பையும் வைத்துப் போய், அங்கே ஊற்றிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலினைப் பெட்டியில் போடுவதா, கையில் வைப்பதா? ஐஸ் பேக்கும் வேண்டுமே.
– வாசகர், சங்கரன்கோவில்

கண்டிப்பாகக் கையில். கீழறையில் வெப்பநிலை வெகுவாக இறங்கக்கூடும். இன்சுலின் ஒருமுறை உறைந்தால், பிறகு உருகிப் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. பெட்டி வந்து சேராமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு 100 மில்லி வரம்பு இல்லை. டாக்டரின் கடிதத்தில் நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இன்சுலின், பென், ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாவற்றையும் அதில் எழுதி வாங்குங்கள். மருந்துக் கடைப் பெட்டியையும் லேபிளையும் பிரித்து எறியாதீர்கள். சோதனைக்குப் போகும் முன் மருந்துப் பையைத் தனியே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

ஐஸ் பேக்கை இன்சுலினோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள், உறைந்துவிடும். இடையில் ஒரு சிறு துண்டைச் சுற்றுங்கள். புறப்படும்போது பேக் கட்டியாக உறைந்திருந்தால் சோதனை எளிது. உருகிவிட்டாலும் மருந்துக்கானது என்று சொல்லலாம். பயன்பாட்டில் இருக்கும் பென்னைப் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்திலேயே வைத்திருக்கலாம், அதன் சீட்டில் எழுதியுள்ள வெப்பத்தையும் நாள்கணக்கையும் பாருங்கள். விமான அறை குளிராகத்தான் இருக்கும். வெயிலில் நிற்கும் காரில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

சர்க்கரை திடீரென்று இறங்கினால் குடிக்க 200 மில்லி ஜூஸ் வைத்தால் கைக்கு வந்து சேராமல் போகலாம். குளுக்கோஸ் மாத்திரையோ சாதாரண மிட்டாயோ அம்மாவின் இருக்கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

தூத்துக்குடியிலிருந்து போவதானால் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள். அங்கே வரும் ஏடிஆர் ரகச் சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறை சின்னது. சக்கரம் வைத்த கைப்பையை ஏறும் இடத்திலேயே வாங்கிக் கீழறையில் போட்டுவிடுவதுண்டு. அந்த நேரத்தில் மருந்து, பவர் பேங்க், பாஸ்போர்ட் மூன்றையும் வெளியே எடுக்கத் தோதாக ஒரு சிறு தோள்பையில் தனியாக வைத்திருங்கள்.

ஏழு மாதக் குழந்தையோடு துபாய் போகிறேன். வெந்நீர், பால் பவுடர், கிரைப் வாட்டர்?
– வாசகி, வள்ளியூர்

குழந்தை கூட வந்தால் பயணத்துக்குப் போதுமான அளவு எல்லாம் அனுமதி உண்டு, 100 மில்லிக்கு மேலும். வெந்நீர் பிளாஸ்கைத் திறந்து காட்டச் சொல்வார்கள், நீங்களே ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வதும் உண்டு. பவுடரை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போடுங்கள், கலப்பது விமானத்தில். ‘பயணத்துக்கு’ என்றால் வீட்டு வாசலிலிருந்து அங்கே வீடு சேரும் வரை, அதற்கு மேல் நான்கு மணி நேரத் தாமதத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டெல்லியிலிருந்து என் மகன் இருமுடி கட்டித் திருவனந்தபுரம் வரை விமானத்தில் வர நினைக்கிறான். நெய்த் தேங்காய்க்கு அனுமதி உண்டா?
– வாசகர், தென்காசி

தேங்காய் சாதாரணமாகக் கைப்பையில் தடை. சபரிமலைப் பயணிகளுக்காக பிசிஏஎஸ் என்னும் மத்திய விமானப் பாதுகாப்பு அமைப்பு தளர்வு தருகிறது. 2024 அக்டோபரில் தந்த தளர்வு 2025 ஜனவரி 20 வரை இருந்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் துகள் சோதனை, கையால் சோதனை மூன்றுக்கும் பிறகே இருமுடியை விடுவார்கள். ஒவ்வொரு சீசனுக்கும் தனி உத்தரவு என்பதால், மாலை போட்டதும் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

இருமுடிக்குள் கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தால் எடுத்துவிட வேண்டும். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், கைப்பையிலும் பெட்டியிலும் கூடாது. பம்பையில் வாங்கிக்கொள்ளலாம். கொப்பரையும் அப்படித்தான். எண்ணெய் நிறைந்த உலர்ந்த பருப்பு தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் இரண்டிலும் தடை.

ஷேவிங் செட்டும் டியோவும்?
– வாசகர், களக்காடு

கார்ட்ரிட்ஜ் வைத்த ரேசர் கையில் வரலாம். தனி பிளேடு கூடாது. டியோ கேன் பெரும்பாலும் 150 மில்லி, அது பெட்டிக்கு. பெட்டியிலும் ஒரு வரம்பு உண்டு. ஸ்ப்ரே, சென்ட், மருந்துப் பொருள் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு இரண்டு லிட்டர் அல்லது இரண்டு கிலோ, ஒவ்வொன்றும் அரை லிட்டருக்குள். அழுத்தும் முனைக்கு மூடி இருக்க வேண்டும். மூடி தொலைந்த கேனை எடுக்காதீர்கள்.

இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி ஒரு கிலோ ஒரு கிலோவாக அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்?
– வாசகி, சேரன்மகாதேவி

பெட்டியில் போடுங்கள். 2018 ஜூன் 30 முதல் அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல், அதாவது ஒரு குளிர்பான டின் அளவுக்கு மேல், பொடி இருந்தால் கூடுதல் சோதனை. தீராத சந்தேகமென்றால் எடுத்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப் பொருள் அனைத்தையும் பயணிகள் நிரப்பும் வருகை அட்டையில் ‘உண்டு’ என்று குறித்துக் காட்டிவிடுங்கள். காட்டியதை எடுத்துக்கொண்டாலும் அபராதம் இல்லை. மறைத்தால்தான் அபராதம். நியூசிலாந்தில் அது உடனடியாக 400 டாலர். அங்கே தேன் கொண்டுபோவதை மறந்துவிடுங்கள்.

லண்டனில் இப்போது இரண்டு லிட்டர் வரை விடுகிறார்கள் என்று மருமகன் சொல்கிறார். அப்படியென்றால் இங்கிருந்தே கொண்டுபோகலாமா? பால்கோவாவும் கேட்கிறான் பேரன்.
– வாசகர், பேட்டை

பிரிட்டனில் எடின்பரோ, பர்மிங்காம் முதலிய நிலையங்கள் 2025-இல் புது ஸ்கேனர்களை வைத்து இரண்டு லிட்டர் வரை அனுமதிக்கத் தொடங்கின. அந்தச் சலுகை அங்கிருந்து புறப்படுவோருக்கு. இங்கே மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஏறும் உங்களுக்கு 100 மில்லிதான். திரும்பும்போதும், துபாயில் மாறி வந்தால் அங்கே ஒரு சோதனை இருக்கிறது. பிரிட்டனில் விட்ட பெரிய பாட்டிலை அங்கே விட மாட்டார்கள்.

பால்கோவா, நெய், பன்னீர் போன்ற பால் பொருள்களை இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் கொண்டுபோகத் தடை. கைப்பை, பெட்டி என்ற வேறுபாடே இல்லை. பேரனுக்குக் கடலை மிட்டாயும் கருப்பட்டியும் எடுத்துப் போங்கள்.

துபாய் விமான நிலையக் கடையில் வாங்கிய சென்ட் பாட்டிலோடு சென்னை வந்து, அங்கிருந்து தூத்துக்குடி. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ஏர்வாடி

கடைக்காரர் சிவப்பு ஓரம் போட்ட சீல் கவரில், ரசீது வெளியே தெரியும்படி மூடித் தருவார். வீடு சேரும் வரை அதைப் பிரிக்காதீர்கள். சென்னையில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டியதும், அந்தக் கவரை அப்படியே பெட்டிக்குள் வைத்து மறுபடி கவுண்டரில் கொடுத்துவிடுங்கள், கேள்வியே இல்லை. மது வாங்கியிருந்தால் சுங்க வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான்.

சோதனையில் எடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா? விலை கூடின சென்ட் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.
– வாசகி, நாங்குநேரி

குப்பைத் தொட்டியில் போட்டது திரும்பாது. போடும் முன் வழி உண்டு. நேரம் இருந்தால், வெளியே போய்ப் பெட்டியில் சேர்க்க அனுமதி கேளுங்கள். விமான நிறுவனத்தின் கவுண்டரில் பெட்டி ஏற்கெனவே போயிருந்தால், கைப்பையையே இன்னொரு பெட்டியாகக் கொடுத்துவிடலாம், எடை மீந்திருந்தால் செலவில்லை. வழியனுப்ப வந்தவர்களைப் போர்டிங் பாஸ் வாங்கியதும் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். சோதனை முடிந்து நீங்கள் போன் செய்யும் வரை வெளியே நிற்கச் சொல்லுங்கள், பொருளை அவர்கள் கையில் சேர்க்க முடியும். பன்னாட்டுப் பயணத்தில் குடியேற்ற முத்திரை விழுந்த பிறகு வெளியே வருவது கடினம். ஆகவே கவுண்டரில் பெட்டி போடும் முன்பே, வரிசையில் நிற்கும்போது, கைப்பையைத் திறந்து ஒருமுறை பாருங்கள். முன்பக்க ஜிப்பில் கிடக்கும் சானிடைசர், பக்கவாட்டு வலைப்பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், அழகுசாதனப் பையின் அடியில் கிடக்கும் லோஷன், இந்த மூன்றும்தான் எப்போதும் மறந்துபோகும் இடங்கள்.